ஈரப் பாறை, தேயிலைத் தோட்டம், தார்ச்சாலை: எந்த ஷூ வாங்குவது?

கோத்தகிரியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. வாரம் 40 கி.மீ. ஓடுகிறீர்கள். அதில் பாதி தார்ச்சாலை, மீதி தேயிலைத் தோட்டத்து மண் பாதையும் ஞாயிற்றுக்கிழமைப் பாறை ஏற்றமும். கடைசியாக வாங்கிய இரண்டு ஜோடியும் தலா நான்கு மாதம்தான் வந்தன. ஒன்று சுண்டுவிரல் பக்கம் கிழிந்தது. மற்றது மேலே நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஈரப் பாறையில் வழுக்குகிறது. ‘எல்லா இடத்திலும் பிடிக்கிற, சீக்கிரம் தேயாத ஒரே ஷூ எது?’ என்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: ஈரக் கல்லில் எது பிடிக்கும், மண்ணில் எது பிடிக்கும், எது நெடுநாள் உழைக்கும். மூன்றுக்குமான விடை ஷூவின் வெவ்வேறு பாகங்களில் இருக்கிறது. அதோடு முதல் விருப்பமும் மூன்றாவது விருப்பமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பவை. மாடல் பெயருக்குப் போவதற்கு முன் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஓட்டக்காரர்களுக்கு ஷூ பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பாதத்தைப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நான்கு மாதம் என்றால் 17 வாரம், அதாவது 680 கி.மீ. மண், பாறைப் பாதைகளுக்கான ட்ரெயில் ஷூவின் ஆயுள் 500 முதல் 800 கி.மீ. வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. இது கைக்கணக்குதான், உத்தரவாதம் இல்லை. எடை, நடை, நிலம் மூன்றையும் பொறுத்து இருபக்கமும் நிறைய நகரும். ஆனால் அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தாலும் உங்கள் ஷூக்கள் அற்பாயுசில் போகவில்லை. ஆகவே எவ்வளவு நாளில் போயின என்பதை விடுங்கள். எந்த இடத்தில், எதனால் போயின என்பதுதான் அடுத்த ஜோடியை வாங்க உதவும்.

வழுக்கிய ஷூவை எடுத்துக்கொள்வோம். ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, கல்லின் பரப்போடு நேரடியாக ஒட்டுவது. மற்றது, கல்லின் சிறு மேடு பள்ளங்களுக்குள் அமுங்கி உருமாறி, அந்த உருமாற்றத்தில் ஆற்றலை இழப்பது. கல் நனைந்ததும் இடையில் நீர்ப்படலம் வந்து முதல் வழியை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. மிச்சமிருப்பது இரண்டாவது வழி மட்டும். அதற்கு ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். மெத்தென்ற ரப்பரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் அரம் வைத்துத் தேய்த்தது போல் கரையும். சாலையில் நீண்ட நாள் வரும்படி கார்பன் கலந்து கெட்டியாக்கிய ரப்பர், ஈரக் கல்லில் அமுங்காமல் மேலேயே நின்று சறுக்கும். இது உறுதியான விஷயம். எந்த நிறுவனம் என்ன பெயர் வைத்தாலும் இந்த இழுபறியைக் குறைக்கத்தான் முடியும், இல்லாமல் செய்ய முடியாது.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னகைட் என்ற கெட்டியான வகை. உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும், அங்கே சாதாரண ரப்பரே பிடிக்கும். ஆட்கள் நடந்து நடந்து மழமழப்பான பாறையும், ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் கல்லும் வேறு. அதிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ பாசி படிந்திருந்தால் ரப்பர் கல்லையே தொடுவதில்லை, பாசியைத்தான் தொடுகிறது. பாசிமேல் நிற்கும் ரப்பர் சோல் என்று எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். அந்த இடத்தில் நடப்பதும், பாதத்தைத் தட்டையாக வைப்பதும், கல்லின் நடுவை விட்டு இரண்டு கல் சேரும் இடுக்கில் கால் வைப்பதும்தான் வழி.

ரப்பர் தரத்தைக் கடையில் கண்டுபிடிப்பது முழுக்க முடியாது, ஓரளவு முடியும். சோலின் அடியில் துருத்தி நிற்கும் பற்களின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். மெத்தென்ற கலவையில் தடம் விழுந்து மெல்ல மறையும், கெட்டியானதில் நகம் நழுவும். கடையின் தரை கிரானைட்டாகவோ வழவழப்பான டைல்ஸாகவோ இருந்தால், அனுமதி கேட்டுக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஷூவைக் கையில் மாட்டி உடல் எடையைக் கொடுத்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இரண்டு மாடலை அடுத்தடுத்துச் செய்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். புத்தம் புது சோலின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதால், முதல் ஓரிரு ஓட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

வைப்ரம் என்ற மஞ்சள் எண்கோண முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 1935-ல் ஆல்ப்ஸ் மலையின் புந்தா ராசிக்காவில் தன் ஏறுதோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி வித்தாலே பிரமானி, சரியான காலணி இருந்திருந்தால் என்ற எண்ணத்தில் பிரெல்லி டயர் நிறுவனத்தின் உதவியோடு உருவாக்கிய ரப்பர் சோல் அது. நல்ல பாரம்பரியம்தான். ஆனால் இன்று வைப்ரம் பல கலவைகள் செய்கிறது, சில பிடிமானத்துக்கு, சில உழைப்புக்கு. ஈரப் பாறைக்கு நீங்கள் தேட வேண்டியது மெகாகிரிப் என்ற கலவை. முத்திரை மட்டும் இருந்து கலவையின் பெயர் இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாலமன் நிறுவனத்தின் கான்டாகிரிப்பும் இப்படித்தான், ஒரே பெயருக்குள் பல கலவைகள். அடிடாஸ் டெர்ரெக்ஸ் வரிசையில் சில மாடல்களுக்கு கான்டினென்டல் ரப்பர் வருகிறது, அதுவும் ஈரத்தில் நம்பத்தக்கது.

அடுத்தது பற்கள், கடைக்காரர்கள் லக் என்பது. இவை பாறைக்கானவை அல்ல, மண்ணுக்கானவை. பாறையில் பிடிப்பது ரப்பரின் பரப்பு. ஆகவே உயரமான, மெல்லிய, விலகி நிற்கும் பற்கள் பாறையில் பாதகம்தான். தொடும் பரப்பு குறைவு, பல் வளையவும் செய்யும். 2 முதல் 3 மி.மீ. என்றால் சாலையும் காய்ந்த மண்ணும் கலந்த பாதைக்கு. 3.5 முதல் 4.5 மி.மீ. என்றால் கலப்பு நிலத்துக்கு. 5 முதல் 6 மி.மீ. சேற்றுக்கும் ஈரப் புல்சரிவுக்கும். 8 மி.மீ. வரையிலான பற்கள் இங்கிலாந்தின் சதுப்பு மலைகளில் ஓடுபவர்களுக்கானவை, உங்களுக்கு வேண்டாம்.

உயரத்தைவிட இடைவெளியைக் கவனிப்பவர்கள் குறைவு. தேயிலைத் தோட்டத்துச் செம்மண் மழையில் குழைந்தால் நெருக்கமான பற்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். பத்து அடி போவதற்குள் உங்கள் காலடியில் இருப்பது மொழுமொழுவென்ற ஒரு மண் கட்டி, பல் எத்தனை மி.மீ. என்பதற்கு அப்புறம் அர்த்தமே இல்லை. பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு இடம் இருந்தால் ஓட்டத்தின் வேகத்திலேயே மண் உதிர்ந்துவிடும். திசையும் முக்கியம். முன்பாதத்தில் பற்களின் கூர்முனை முன்னோக்கியும் குதிகாலில் பின்னோக்கியும் இருந்தால் ஏறும்போது உந்தவும் இறங்கும்போது நிறுத்தவும் உதவும்.

பற்கள் எதுவும் செய்ய முடியாத இடங்களும் உண்டு. இறுகிய தரைமேல் சிதறிக் கிடக்கும் சரளை உருளும், அதில் 6 மி.மீ. பல்லும் உருண்டுதான் போகும். சில்வர் ஓக் இலையும் கற்பூரமரப் பட்டையும் தடிமனாக உதிர்ந்து கிடக்கும் சரிவில் பல் தரையை எட்டுவதே இல்லை. காய்ந்த இலையும் வழுக்கும், நனைந்த இலை இன்னும் மோசம். இங்கே ஷூவைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியைச் சுருக்கி, குதிகாலை ஊன்றிப் பிரேக் போடாமல் உடலுக்கு நேர்கீழே கால் வைத்து இறங்க வேண்டும். இதற்கு இன்னொரு பலனும் உண்டு: குதிகால் ஓரத்துப் பற்கள் அரைபட்டுப் போவது பெரும்பாலும் இறக்கத்தில் இப்படி உரசிப் பிரேக் போடுவதால்தான்.

இனி கிழிந்த ஷூ. சுண்டுவிரல் அடிமூட்டுக்கு நேராக, துணி மடிகிற இடத்தில் கிழிந்திருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும். ஷூ உங்கள் பாதத்துக்குக் குறுகல். வலைத்துணிக்குள் புகுந்த நுண்மணல் ஒவ்வொரு மடிப்பிலும் நூலை அறுக்கிறது. மேல்துணி சாலை ஷூவுக்கான மெல்லிய வலை. முதலாவதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஷூவுக்குள் பாதத்தின் அடியில் கிடக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் முழு எடையோடு ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதம் இன்சோலைத் தாண்டி வழிகிறதா? வழிந்தால் அந்த அகலம் உங்களுக்குப் போதாது. நீளத்தில் ஒரு அளவு கூட்டி வாங்கினால் சரியாகாது, மடிப்பு தவறான இடத்தில் விழுந்து இன்னும் சீக்கிரம் கிழியும். 2இ என்று குறிப்பிட்ட அகல வகையையோ, விரல் பகுதியை இயல்பிலேயே அகலமாகச் செய்யும் ஆல்ட்ரா போன்ற நிறுவனங்களையோ பாருங்கள். ஆல்ட்ராவின் பெரும்பாலான மாடல்களில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். இதுவரை குதிகால் முன்பாதத்தைவிட 8, 10 மி.மீ. உயர்ந்திருக்கும் ஷூவில் ஓடியவர் ஒரே நாளில் அதற்கு மாறினால் கெண்டைத் தசையும் குதிநாணும் தாங்காது. வாரத்தில் ஒரு சிறு ஓட்டத்தில் தொடங்கி இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு மாற வேண்டும்.

துணியில் நீங்கள் தேட வேண்டியது: கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும் ரிப்ஸ்டாப் நெசவு, அல்லது கெவ்லார் இழை கலந்த மேட்ரிக்ஸ் துணி. சோலும் துணியும் சேரும் விளிம்பில் சுற்றிலும் ரப்பரோ தடித்த பூச்சோ இருக்க வேண்டும். விரல் முனையில் கெட்டியான காப்பு. இவை எடையைக் கூட்டும். ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது. போட்டிக்கு ஓடாதவர் 30, 40 கிராமுக்காக மெல்லிய துணியை வாங்குவது நஷ்டம். வாங்கிய புதிதிலேயே, அந்த மடிப்பு விழும் இடத்தில் வெளிப்புறமாக நெகிழும் தன்மையுள்ள ரப்பர் பசையை மெல்லிய படலமாகத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். செருப்பு தைப்பவர்கள் வைத்திருக்கும் பசையே போதும். கிழிந்த பிறகு தைப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும். ஒரு சொட்டில் ஒட்டும் சூப்பர் குளூ வேண்டாம். அது காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்து, மடியும்போது நொறுங்கி, கூடவே துணியையும் அறுக்கும்.

நடுவிலுள்ள நுரையைப் பற்றிச் சுருக்கமாக. தடித்த நுரை கூர்ங்கல்லின் குத்தலை வாங்கிக்கொள்ளும், அதே சமயம் பாதத்தைத் தரையிலிருந்து உயர்த்துவதால் சமமில்லாத கல்லில் கணுக்கால் பிரளும் வாய்ப்பைக் கூட்டும். குதிகாலின் கீழ் 26 முதல் 32 மி.மீ. உயரம் உங்கள் நிலத்துக்கு நடுநிலை. அதற்குக் குறைவான நுரை என்றால் முன்பாதத்தில் ராக் பிளேட் எனும் மெல்லிய தகடு இருக்கிறதா பாருங்கள். தடித்த நுரை காயத்தைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. அதைப் பற்றி அடித்துப் பேசுபவர்கள் சான்றைத் தாண்டிப் பேசுகிறார்கள். போட்டு ஓடிப் பார்த்து வசதியாக இருப்பதை எடுப்பது நியாயமான அளவுகோல். சோலைக் கவிழ்த்துப் பார்க்கும்போது நடுப்பகுதியில் ரப்பர் இல்லாமல் நுரை வெளியே தெரிந்தால், பாறை ஓட்டத்துக்கு அதை ஒதுக்குங்கள். கூர்ங்கல் முதலில் பிய்த்தெடுப்பது அந்த இடத்தைத்தான்.

கோரே-டெக்ஸ் போன்ற நீர்புகாத் துணி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழை மேலிருந்து கொட்டும். தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே போகும், போனது வெளியே வராது. வலைத்துணி ஷூ சில நூறு அடியில் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். மாலைக்குள் காயவும் செய்யும். அட்டைக்கு பயந்து மூடிய ஷூ தேடுகிறீர்கள் என்றால், அட்டை வருவதும் கணுக்கால் வழியாகத்தான். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள காலுறைதான் அதற்குத் துணை.

காய வைப்பதில் பலர் ஷூவைக் கொன்றுவிடுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்திலோ, மொட்டைமாடி வெயிலிலோ, வெயிலில் நிற்கும் காரின் டிக்கியிலோ வைத்தால் ஈவிஏ எனும் நடு நுரை சுருங்கும், சோலை ஒட்டிய பசை இளகும். சோல் முனையில் வாய் பிளப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சேற்றைக் குழாய்த் தண்ணீரிலும் பழைய பல்துலக்கியிலும் அன்றே கழுவி, இன்சோலைத் தனியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை ஒருமுறை மாற்றுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம்.

பொருத்தம் பார்க்க மாலையில் போங்கள், அப்போது பாதம் சற்றே வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே காலுறையோடு போங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் வேண்டும், ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம். நின்றபடி ஷூ முனையைத் தரையில் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். விரல் முன்னே இடித்தால் நீண்ட இறக்கத்தில் ஓடிய பிறகு நகம் கறுக்கும். குதிகால் தூக்குகிறதென்றால் அளவைக் குறைக்கும் முன், மேலே சும்மா விட்டிருக்கும் கடைசித் துளையில் லேஸை அதே பக்கமாகக் கோத்து வளையம் விட்டு, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இனி என்ன வாங்குவது. என் பதில்: ஒரே ஷூ வேண்டாம், இரண்டு ஜோடி. இதனால் செலவு அதிகமாகாது என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஓடும் கி.மீ. அதேதான், அது இரண்டுக்கும் பிரிகிறது. வாசலிலிருந்து தோட்டம் வரையிலான வாரநாள் ஓட்டத்துக்கு 3 மி.மீ. பல்லும் கெட்டி ரப்பரும் உள்ள, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஒன்று. நைக்கி பெகாசஸ் ட்ரெயில் அந்த ரகம். டெக்காத்லானின் விலை குறைந்த ட்ரெயில் ஷூக்களிலும் பல்லுயரம் பார்த்து எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு மெகாகிரிப் ரப்பரோடு 4 முதல் 5 மி.மீ. பல் உள்ள ஒன்று. ஹோகா ஸ்பீட்கோட் இதில் பரவலாக அறியப்பட்டது, நுரை உயரம் மட்டும் நான் சொன்ன அளவைத் தாண்டும். கணுக்கால் அடிக்கடி பிரளும் ஆளாக இருந்தால் அதைத் தவிர்த்துத் தாழ்வான ஒன்றை எடுங்கள். சாலமன் ஸ்பீட்கிராஸ் சேற்றில் அருமையாகப் பிடிக்கும், ஆனால் விலகி நிற்கும் உயரப் பற்கள் பாறைக்கும் தாருக்கும் தோதானவை அல்ல. உங்கள் பாதைக்கு அதை நான் சொல்லமாட்டேன். எந்த மாடலிலும் அடுத்த பதிப்பு வரும்போது ரப்பரும் அகலமும் மாறக்கூடும், பெயரை நம்பிப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். தள்ளுபடியில் வாங்கினால், பெரும்பாலான நிறுவனங்கள் நாக்குப் பகுதியின் உள் சீட்டில் தயாரிப்புத் தேதி அச்சிடுகின்றன, அதைப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் கிடங்கில் கிடந்த ரப்பர் விறைத்திருக்கும், பசையும் வலுவிழந்திருக்கும்.

ஒரே ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஷூவை வாங்குங்கள், வாரநாளிலும் அதையே போடுங்கள். தாரில் சீக்கிரம் தேயும். தேய்மானம் பணத்தோடு போய்விடும், ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு போகும். முடிந்த இடத்தில் தாரை விட்டுச் சாலையோர மண்ணில் இறங்கி ஓடினாலே பற்களுக்கு நல்ல ஆயுள் கிடைக்கும். மாற்றி மாற்றிப் போட்டால் நுரை ஓய்வெடுத்து மீளும் என்று சொல்வதுண்டு, அதில் எவ்வளவு உண்மை என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ஒவ்வொரு ஜோடியும் முழுக்கக் காய நேரம் கிடைக்கும் என்பதில் சந்தேகமில்லை, பசைக்கும் துணிக்கும் அதுவே பெரிய லாபம்.

எப்போது கழிப்பது என்பதற்குக் கி.மீ. பார்க்க வேண்டாம். முன்பாதத்தின் நடுவில், பெருவிரல் அடிமூட்டுக்குக் கீழே உள்ள பற்கள் புதிதில் இருந்த உயரத்தில் பாதிக்கு வந்துவிட்டால் மண் ஏற்றத்துக்கு அந்த ஜோடி முடிந்தது. வாங்கிய அன்றே ஒரு பல்லை அளவுகோல் வைத்து அளந்து எழுதி வையுங்கள். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் நுரை முடிந்தது. அந்த நிலையில் அதை ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சோலின் முனை மட்டும் பிளந்து மற்றவை நன்றாக இருந்தால் தூக்கி எறியத் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, ரப்பர் பசையை இருபுறமும் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்திச் சேர்த்து, துணிக்கயிற்றால் சுற்றி ஒரு இரவு கட்டி வையுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது.